ஜாதிக்காய்த் தோட்டமும் இல்லாத சித்தப்பாவும்

போன மாதம் எங்கள் பழைய ஆபீஸிலிருந்து இரண்டு குமாஸ்தாக்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். ஆபீஸ் என்றால் தென்காசியில் நான் காலமெல்லாம் குப்பை கொட்டிய வக்கீல் ஆபீஸ். இப்போது அதை வக்கீல் ஐயாவின் பேரன் நடத்துகிறார். வந்தவர்களில் ஒருவர் ரொம்பப் பெருமையாகச் சொன்னார்: "அண்ணாச்சி, இப்பல்லாம் விடுதலைப் பத்திரம் கம்ப்யூட்டர்லயே ரெடியா இருக்கு. அக்கா தங்கச்சி பேரை மட்டும் மாத்தணும். அவுக டீ குடிச்சு முடிக்கதுக்குள்ள கையெழுத்து வாங்கிருவோம்."

விடுதலைப் பத்திரம் என்பது வேறொன்றுமில்லை. 'அப்பா சொத்தில் எனக்குப் பங்கு வேண்டாம்' என்று கூடப்பிறந்தவள் அண்ணன் தம்பிக்கு எழுதிக் கொடுக்கும் காகிதம். அதை வாங்குவதில் இவருக்கு இத்தனை சந்தோஷம்.

"உங்க காலத்துல இந்தத் தொல்லையே இல்லையே அண்ணாச்சி. பொம்பளைக்குத்தான் பங்கே கிடையாதே," என்றார் மற்றவர். வக்கீல் ஆபீஸில் சம்பளம் வாங்குகிற ஒரு மனிதர் இப்படிச் சொன்னால் என்ன செய்வது? காபி கொடுத்து அனுப்பி வைத்தேன். அவர்கள் போன பிறகுதான் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் குமாஸ்தா ஆன கதையைச் சொல்ல அதிகமில்லை. பள்ளிக்கூடம் முடித்தேன், டைப் அடிக்கக் கற்றேன், ஒரு மாமா கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் வக்கீல் ஐயா முன்னால் நிறுத்தினார். முதல் வருஷம் கேஸ் கட்டுகளைத் தூக்கினேன், இரண்டாவது வருஷம் கட்டுகளைப் பிரித்தேன், அதற்கப்புறம் கட்டுக்குள் இருக்கும் மனிதர்களைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்த வரையில் சொல்கிறேன், சொத்துப் பிரிக்க வருகிற குடும்பத்தைப்போல அசிங்கமான காட்சி உலகத்தில் கிடையாது. கொலைக் கேஸில்கூட ஒருத்தனாவது அழுவான்.

ஊரில் வக்கீல் ஐயாவுக்கு 'மூக்குப்பொடி வக்கீல்' என்று பெயர். கட்சிக்காரன் வாயைத் திறந்ததும் அவர் டப்பியைத் திறப்பார். ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு அப்படியே கேட்டுக்கொண்டிருப்பார். கதையை நம்பினால் 'சர்'ரென்று உறிஞ்சிவிட்டு, "எழுதிக்கோ," என்பார் என்னிடம். நம்பாவிட்டால் சிட்டிகையை மறுபடி டப்பிக்குள்ளேயே உதறிவிட்டு மூடியை 'டக்'கென்று மூடுவார். அந்த 'டக்' சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கட்சிக்காரன் பாவம், ஐயா பொடியை மிச்சம் பிடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வான்.

பாகப்பிரிவினைக்கு வருகிறவர்களிடம் அவர் முதலில் கேட்பது சொத்து விவரம் இல்லை. "வம்சாவளி போடு," என்பார். நான் ஒரு முழுத்தாளை எடுத்துப் பாட்டன், பூட்டன், பிள்ளைகள் என்று கோடு போட்டு எழுத வேண்டும். அதிலும் பெண்களை முதலில் எழுத வேண்டும் என்பது அவர் கட்டளை. "ஆம்பளைய மறக்க மாட்டானுவ. பொம்பளையத்தான் முழுங்குவானுவ. அதனால அதை முதல்ல கக்க வை," என்பார். ரொம்பச் சரி. செத்துப்போன காளைமாட்டின் பெயரும் சுழியும் சொல்லத் தெரிந்த மகா புத்திசாலிகள், சொந்த அத்தையின் பெயரைக் கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பார்கள்.

எப்பேர்ப்பட்டவர்களை எல்லாம் பார்த்திருக்கிறேன் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கீழப்பாவூர்ப் பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர். நிலம், வீடு, மாடு எல்லாம் பிரித்தாகிவிட்டது. கடைசியில் ஒரு அம்மி. அதை யார் எடுப்பது என்று எங்கள் ஆபீஸ் வாசலில் அடிதடி. முடிவில் அண்ணனுக்கு அம்மி, தம்பிக்குக் குழவி என்று பேசித் தீர்த்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுப் பெண்களும் பக்கத்து வீட்டில் போய் மசாலா அரைத்தார்கள். கௌரவமாம்.

இனி எஸ்டேட் கதைக்கு வருகிறேன்.

குற்றாலத்தில் ஐந்தருவிக்கு மேலே மலைச்சரிவில் ஜாதிக்காயும் கிராம்பும் மங்குஸ்தானுமாக ஒரு தோட்டம். அதன் முதலாளி சுடலைமுத்து. வாலிபத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் தலைச்சுமைக் கூலியாக மலையேறியவர். கூலி கங்காணி ஆனார். கங்காணி, மகசூலைக் குத்தகைக்கு எடுத்தார். துரை சீமைக்குக் கப்பலேறியபோது தோட்டத்தையே விலைக்கு வாங்கிவிட்டார். கஞ்சத்தனத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் ஒன்று, வந்த வழியை அவர் ஒளித்ததே இல்லை. "துண்டும் கோவணமுமா ஏறினவன்லே நான்," என்று சந்தையில் நின்று சத்தம் போட்டுச் சொல்லுவார்.

அந்தச் சத்தம்தான் அவருடைய மகன்களுக்கு ஆகாது. மூத்தவர் ராஜசேகரன் தென்காசியில் வீடு கட்டிக்கொண்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு, 'நம்ம எஸ்டேட்' என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். தோட்டத்துக்கு வருஷத்தில் ஒரு தரம் போவார், மங்குஸ்தான் பழுக்கிற மாதத்தில். இளையவர் குணசேகரன் மெட்ராஸில் உத்தியோகம். சட்டப்படிப்பு ஒரு வருஷம் படித்துவிட்டு நிறுத்தியவர். முழுசாகப் படித்தவனைவிட இந்த மாதிரி ஆசாமிதான் ஆபத்து.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெண், செண்பகம். அவளுடைய புருஷன் கொழும்புக்குப் போனவன் போனவன்தான், ஒரு கடிதம்கூட இல்லை. அவள் தோட்டத்து வீட்டில் அப்பாவோடேயே தங்கிவிட்டாள். கிராம்பு காயப் போடுவது, ஜாதிபத்திரி பிரிப்பது, ஆட்களை விரட்டுவது எல்லாம் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம். அந்த மலையில் அட்டையையும் ஆட்களையும் சமாளிக்க அந்த வாய் இல்லாமல் முடியாது.

சுடலைமுத்து உயில் எழுதவில்லை. உயில் எழுதினால் உயிர் போய்விடும் என்று ஒரு பயம். எழுதாமலேயும் ஒரு சாரல் காலத்தில் உயிர் போய்விட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அண்ணனும் தம்பியும் புனலூர் மர வியாபாரி ஒருவனைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்து மரங்களைக் காட்டியிருக்கிறார்கள். தோட்டத்தை விற்பது, அவன் வெட்டிக்கொண்டு போவது, செண்பகத்துக்கு மேலகரத்தில் ஒரு வாடகை ரூம் பிடித்துக் கொடுப்பது என்று ஏற்பாடு. அவள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அவள் போடவில்லை. தென்காசியில் புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிய ஒரு சின்ன வக்கீலைப் பிடித்து, பங்கு கேட்டுக் கேஸ் போட்டுவிட்டாள்.

கோர்ட் சம்மனை ஒரு செத்த எலியைப்போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூத்தவர் எங்கள் ஆபீஸுக்குள் வந்தார். பின்னால் தம்பி.

"ஐயா, ஒரு பொட்டச்சி எங்க மேல கேஸ் போட்டிருக்கா."

"யாரு?" என்றார் வக்கீல் ஐயா.

"செண்பகம்னு ஒருத்தி."

"உங்க தங்கச்சின்னு சொல்லும்வே."

வக்கீல் ஐயா சட்டத்தைச் சொன்னார். ஐம்பத்தாறில் வந்த புதுச் சட்டம். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து, உயில் இல்லை, பெண்டாட்டியும் உயிரோடு இல்லை. ஆகவே மூன்று பிள்ளைக்கும் சமமாக மூன்றில் ஒரு பங்கு. அதில் ஆண், பெண் பேதமே இல்லை. ஐம்பதுகளிலேயே இது சட்டம். எனக்குக் காபி செலவு வைத்த குமாஸ்தாக்கள் கவனிக்கவும்.

"அவளுக்குச் சீர்செனத்தி எல்லாம் செஞ்சாச்சே," என்றார் மூத்தவர்.

"செஞ்சது உங்க அப்பா. நீரு என்ன செஞ்சீரு?"

அப்போதுதான் இளையவர் தொண்டையைச் செருமினார். ஒரு வருஷத்துச் சட்டப்படிப்பு வேலை செய்ய ஆரம்பித்தது. "ஐயா, இது அப்பா சம்பாதிச்சதா இல்லாம, தாத்தா காலத்துப் பூர்வீகச் சொத்துல இருந்து வாங்கினதா இருந்தா?"

"அப்பம் கணக்கு மாறும். ஆம்பளைப் பிள்ளைக ரெண்டு பேருக்கும் பொறந்தப்பவே அப்பா கூட சரிபங்கு உண்டு. அப்பா பங்கை மட்டும்தான் மூணு பேருக்கும் பிரிக்கணும். அவளுக்கு ஒன்பதுல ஒண்ணு வரும்."

இரண்டு முகத்திலும் விளக்கேற்றி வைத்த மாதிரி ஒரு பிரகாசம். ஒன்பதில் ஒன்று என்றால் ஒரு மூலையை அளந்து கொடுத்துவிட்டுப் பாக்கியை வியாபாரியிடம் தள்ளிவிடலாம். அவள் இருக்கும் வீடும் அந்த மூலையில் வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

"பூர்வீகம்தான் ஐயா," என்றார் மூத்தவர். "எங்க தாத்தாவுக்கு மேலகரத்துல நூறு கோட்டை விதைப்பாடு வயல் இருந்துது. அதை வித்துத்தான் எஸ்டேட்டு வாங்கினது. எங்க வம்சமே நிலச்சுவான்தார் வம்சம்."

வக்கீல் ஐயா விரலில் பொடியைப் பிடித்தபடி அவரையே பார்த்தார். "சரி. அப்படின்னா ஒண்ணு கேக்கேன். தாத்தா சொத்துன்னா தாத்தாவோட எல்லாப் பிள்ளைக்கும் அதுல பாத்தியதை உண்டு. உங்க அப்பாவுக்குக் கூடப்பொறந்தவுக யாரும் உண்டா?"

"இல்லை."

"மெயினருவியில எண்ணெய் தேய்க்குத மாடசாமி உங்க சித்தப்பா இல்லையா?"

குற்றாலம் வந்தவர்களுக்குத் தெரியும். அருவிக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார வைத்து, உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துப் பிடித்து விடுகிறவர்கள் அங்கே உண்டு. அவர்களில் மாடசாமிதான் மூத்தவர். சுடலைமுத்துவின் கூடப்பிறந்த தம்பி. இது குற்றாலத்துக் குரங்குக்குக்கூடத் தெரியும். வக்கீல் ஐயாவும் நானும் சனிக்கிழமை தவறாமல் அவர் கையில்தான் முதுகைக் கொடுப்போம்.

ராஜசேகரனுக்கு முகம் கறுத்துவிட்டது. "ஊர்ல ஆயிரம் பேரு ஆயிரம் சொல்லுவான் ஐயா. எங்க வம்சத்துல எண்ணெய் தேய்க்கவன் கிடையாது."

"நல்லா யோசிச்சுச் சொல்லும். அவர் தம்பிதான்னா, பூர்வீகம்னு நீங்க சொல்லுத சொத்துல பாதி அவருக்குப் போயிரும். மிச்சப் பாதியைத்தான் நீங்க மூணு பேரும் பிரிக்கணும். தங்கச்சிக்கு மூணுல ஒண்ணு குடுத்துட்டு மூணுல ஒண்ணு வாங்கிட்டுப் போறது உங்களுக்குத்தான் லாபம்."

"இல்லாதவனுக்கு எப்படி ஐயா பாதி போகும்?"

பொடி டப்பிக்குள் விழுந்தது. 'டக்'.

எதிர் வாதத்தை நான் டைப் அடித்தேன். எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. அடித்ததை முழுக்கத் தமிழில் சொல்லி, ஒவ்வொரு பாராவுக்கும் "இது நீர் சொன்னதுதானா?" என்று கேட்டு, ஆமாம் என்ற பிறகே கையெழுத்து வாங்குவோம். 'எங்கள் தகப்பனாருடன் பிறந்தோர் எவருமில்லை' என்ற இடம் வந்ததும் வக்கீல் ஐயா என்னை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். இன்னொரு தடவை என்றார். படித்தேன். இரண்டு பேரும் கொஞ்சமும் கூசாமல் கையெழுத்துப் போட்டார்கள். சொந்தச் சித்தப்பாவைக் காகிதத்தில் கொன்றுவிட்டு, "நல்ல ஹோட்டல் பக்கத்துல எங்கன இருக்கு?" என்று என்னிடம் கேட்டார் இளையவர்.

கூடப்பிறந்தவளின் வாயில் மண்ணைப் போட நினைத்தவர்கள், அதற்காகக் கூலிக்காரத் தாத்தாவை நிலச்சுவான்தார் ஆக்கினார்கள். நிலச்சுவான்தாருக்கு எண்ணெய் தேய்க்கிற பிள்ளை இருக்க முடியாது என்பதால் சித்தப்பாவை இல்லாமல் ஆக்கினார்கள். பேராசைக்காரன் என்றால் கணக்காவது தெரிய வேண்டும். இவர்களுக்குப் பேராசையைவிட வீம்பு பெரிதாக இருந்தது.

செண்பகத்தின் சின்ன வக்கீல் லேசுப்பட்டவர் இல்லை. தாத்தாவுக்கு நிலம் இருந்ததா, இல்லையா என்பதுதான் வழக்கின் உயிர். அதைச் சொல்ல உலகத்தில் பாக்கியிருப்பது ஒரே ஒரு ஆள். சின்ன வக்கீல் அந்த மாடசாமியைச் சாட்சியாகப் போட்டுவிட்டார்.

அந்தச் சாட்சிப் பட்டியலைப் பார்த்தபோதுதான் ராஜசேகரனுக்கு உறைத்தது. ஆபீஸுக்கு ஓடி வந்தார். வக்கீல் ஐயா நிதானமாக விளக்கினார். "மாடசாமி கூண்டுல ஏறி, 'ஆமா, எங்கப்பன் பணக்காரன், அதுல எனக்கும் பங்கு உண்டு'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நீங்க எழுதிக் குடுத்ததே அவருக்குச் சாட்சி. பாதித் தோட்டம் அவருக்கு."

"அப்ப அவர் என்ன சொல்லணும் ஐயா?"

"உங்க தாத்தா பரம ஏழைன்னு சொல்லணும். சொன்னா பாதி தப்பிக்கும், ஆனா நீங்க கேஸ்ல தோத்துப் போவீய. தங்கச்சி மூணுல ஒண்ணு வாங்கிட்டுப் போவா."

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவான் என்பார்களே, அப்படி எதையும் காட்ட முடியாமல் ராஜசேகரன் விழித்தார். சாட்சியை எல்லாம் போய்ப் பார்க்கக் கூடாது என்று வக்கீல் ஐயா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். கேட்கிற ஆளா அது?

அந்தச் சனிக்கிழமை நல்ல சாரல். நான் எண்ணெயில் முங்கி, கோவணத்தோடு ஒரு பாறையில் குந்தியிருந்தேன். மாடசாமி எனக்குத் தேய்த்து முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போது ஒருவர் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, வழுக்குப் பாறையில் கால் மாற்றி மாற்றி வைத்து வந்தார். பார்த்தால் ராஜசேகரன். எண்ணெய்ப் பிசாசாக இருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டை இல்லாத குமாஸ்தாவை யார் பார்க்கிறார்கள்?

மாடசாமி ஏறிட்டுப் பார்த்தார். "உக்காரும். சட்டையைக் கழத்தும்," என்றார்.

"இல்லை, நான் தேய்க்க வரல..."

"இங்கன வாறவுக எல்லாம் அதுக்குத்தான் வருதாவ."

வேறு வழியில்லாமல் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். மாடசாமி உச்சந்தலையில் எண்ணெயை வைத்துத் தட்ட ஆரம்பித்தார். அருவிச் சத்தத்தில் ராஜசேகரன் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. ரகசியம் பேச வந்த இடம் அப்படி.

"சித்தப்பா!"

பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது என்று நினைக்கிறேன். எண்ணெய் தட்டிய கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி தட்டியது.

"என்னலே?" என்றார் மாடசாமி. 'உக்காரும்' போய் 'லே' வந்துவிட்டது. சித்தப்பா என்று கூப்பிட்டால் அப்படித்தான்.

"தாத்தா சொத்துல உங்க பங்கை அந்தக் காலத்துலயே வாங்கிட்டேன்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்லணும். சொன்னீங்கன்னா உங்களுக்குக் கடைசி வரைக்கும் நான் சோறு போடுவேன். என் வீட்டு அவுட்ஹவுஸ்ல இருந்துக்கிடலாம். இந்த வயசுல இந்தப் பொழைப்பு எதுக்கு?"

"எந்தச் சொத்து?"

"தாத்தாவோட நிலம்."

"ஓ," என்றார் மாடசாமி. "குனிலே. முதுகைக் காட்டு."

குனிந்த முதுகில் 'பளார் பளார்' என்று அடி விழுந்தது. அது வழக்கமாக எல்லோருக்கும் விழுகிற அடிதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. எனக்கு அப்படி விழுந்ததில்லை.

"என்ன சித்தப்பா சொல்லுதீங்க?"

"கோர்ட்டுல கூப்பிட்டிருக்காவ. அங்கன வந்து சொல்லுதேன். போய் அருவியில நில்லு. கண்ணுல எண்ணெய் இறங்குது பாரு."

திங்கட்கிழமை வக்கீல் ஐயாவிடம் இதைச் சொன்னேன். "என்ன சொல்லுவாருன்னு தெரியுதா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். பாதித் தோட்டம் சும்மா வருகிறது, எந்த மடையன் விடுவான்? மாடசாமி வாங்குவார், வாங்கித்தான் ஆக வேண்டும். அவரை ஒதுக்கி வைத்த குடும்பத்துக்கு அதுதான் சரியான மருந்து. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. ஆனால் அந்த மருந்தில் செண்பகமும் சேர்ந்து சாக வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. பாதி மாடசாமிக்குப் போனால் அவளுக்கு வருவது பதினெட்டில் ஒன்று. அதை வைத்து ஒரு கோழிக்கூடு கட்டலாம். "அந்தப் பிள்ளை எங்கன போகும்?" என்று வக்கீல் ஐயா கேட்டார். எதிர்க்கட்சிக்காரியைப் பற்றி அவர் அப்படிப் பேசி நான் கேட்டதேயில்லை.

விசாரணை நாளன்று கோர்ட் நிரம்பி வழிந்தது. குற்றாலத்து டீக்கடைகளில் பாதி அன்று அங்கேதான் இருந்தது. செண்பகம் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். கிராம்பு வாசனை அவள் சேலையிலிருந்து வராந்தா வரை வந்தது. அண்ணனும் தம்பியும் முன் பெஞ்சில். மாடசாமி வெளுத்த வேட்டியும் துண்டுமாகக் கூண்டில் ஏறினார். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அவர் கையில் அந்த எண்ணெய் மினுமினுப்புப் போகாது. கூண்டுக் கட்டையில் அவர் கை வைத்த இடத்தில் தடம் விழுந்தது.

சின்ன வக்கீல் எழுந்தார். "இறந்துபோன சுடலைமுத்து உமக்கு என்ன வேணும்?"

"கூடப்பொறந்த அண்ணன்."

"அந்தா முன்னால உக்காந்திருக்காங்களே, அவங்க?"

"அண்ணன் மக்க. அவனுவகிட்ட நீங்க கேக்க வேண்டாம், தெரியாதும்பானுவ."

சிரிப்பு எழுந்தது. கோர்ட் சேவகர் அதட்டினார்.

"உம்ம தகப்பனாருக்கு நிலம் இருந்ததுன்னு நீர் சொன்னா, அந்தத் தோட்டத்துல பாதி உமக்கே வரலாம். அது தெரியுமா?"

"தெரியும். ஊரே சொல்லுதே. டீக்கடைக்காரன் இப்பவே முதலாளிங்கான்."

"நிலம் இருந்ததா?"

மாடசாமி செண்பகத்தைப் பார்க்கவில்லை, அண்ணன் மகன்களையும் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். எங்கள் கட்சிக்காரன் யார் என்பதே எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று.

"எங்கப்பனுக்கு நிலம்னா, அவரைப் பொதைச்ச இடம்தான்," என்றார் மாடசாமி. "அதுவும் புறம்போக்கு. பாடைக்கு மூங்கில் ஊராரு குடுத்தாவ. நூறு கோட்டையாம், விதைப்பாடாம். எங்க வீட்டுல நெல்லைப் பார்த்ததே கூலிக்குப் போன இடத்துலதான்."

"அப்ப தோட்டம்?"

"எங்கண்ணன் சேத்தது. தலையில சுமந்து, துரைகிட்டயும் கங்காணிகிட்டயும் மிதி வாங்கிச் சேத்தது. எனக்கு அவன் ஒண்ணும் செய்யல. ஒரு ஜாதிக்காய், இந்தாலேன்னு குடுத்ததில்ல. எண்ணெய்க் கையோட தோட்டத்துக்கு வராதேன்னான். நானும் போகல. அவன் அப்படிப்பட்ட பயதான். அதுக்காக, அவன் பாடுபட்டதை எங்கப்பன் வச்சிட்டுப் போனதுன்னு சொல்லிப் பாதியைப் பிடுங்கவா? செத்தவன் உழைப்பைத் திங்கணும்னு எனக்கு விதியா?" அப்போதுதான் முன் பெஞ்சைப் பார்த்தார். "இவனுவ என்னைய இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டானுவ. சரிதான். இல்லாதவனுக்கு எதுக்குய்யா பாதி?"

குறுக்கு விசாரணைக்கு எங்கள் முறை. வக்கீல் ஐயா எழுந்தார். ராஜசேகரன் பின்னாலிருந்து அவருடைய கோட்டைப் பிடித்து இழுத்து, "கேளுங்க, கேளுங்க," என்றார். "கேள்வி எதுவுமில்லை," என்று சொல்லிவிட்டு வக்கீல் ஐயா உட்கார்ந்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் டப்பியைத் திறந்து ஒரு பெரிய சிட்டிகையை எடுத்து 'சர்'ரென்று இழுத்தார். அந்த வழக்கைப் பொறுத்தவரை அவர் மூக்குக்குள் போன முதல் பொடி அது. கண்ணில் தண்ணீர் வந்தது. பொடியால் வந்ததென்று சொன்னார்.

"கிழவன் கெடுத்துட்டானே ஐயா. காசு வாங்கியிருப்பான்," என்று மூத்தவர் பின்னாலேயே வந்தார்.

"பாதியே வருது, அதை வேண்டாங்கதுக்குக் காசு வாங்குவானா? இன்னைக்கு உங்க கையில மூணுல ஒண்ணு நிக்கது அந்த மனுஷன் போட்ட பிச்சை," என்றார் வக்கீல் ஐயா.

இளையவர் கொஞ்சம் யோசித்தார். "அப்பீல் போனா, தாத்தா பணக்காரர்தான்னு மறுபடியும் சொல்லலாம்லா?" என்று கேட்டார். அன்று சாயந்திரமே கேஸ் கட்டைக் கட்டி அவர்கள் கையில் கொடுத்து அனுப்பச் சொன்னார் வக்கீல் ஐயா. நான் இரட்டை முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன்.

தீர்ப்பு செண்பகத்துக்கு மூன்றில் ஒன்று என்று வந்தது. வீடும் காயப்போடுகிற களமும் அவள் பக்கமே விழுந்தன. அண்ணனும் தம்பியும் தங்கள் பங்கைப் புனலூர்க்காரனுக்கு விற்றார்கள். அவன் மொட்டையடித்துவிட்டுப் போனான். இப்போதும் ஐந்தருவிப் பாதையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்த எல்லை தெரியும், ஒரு பக்கம் வழுக்கை, ஒரு பக்கம் முடி. ராஜசேகரன் மட்டும் சாகிற வரைக்கும் எங்கள் தாத்தா நிலச்சுவான்தார் என்று சொல்லிக்கொண்டே திரிந்தார். கோர்ட்டே இல்லை என்று சொன்ன பிறகும் நம்புகிற ஆட்கள் இருந்தார்கள். ஊர் என்றால் அப்படித்தான்.

எல்லைக்கல் நட்ட அன்று நானும் மலைக்குப் போயிருந்தேன். வழக்கு எங்களிடம் இல்லை, வேடிக்கை பார்க்கத்தான் போனேன். மாடசாமியை வரச்சொல்லிச் செண்பகம் ஆள்மேல் ஆள் அனுப்பியிருந்தாள். அவர் வந்தார். அண்ணன் உயிரோடு இருந்த காலம் முழுக்க ஏறாத மலையில் அன்றுதான் ஏறினார். வேலியோரமாகவே நின்றார், உள்ளே வரவில்லை.

செண்பகம் போய், "சித்தப்பா, இங்கனயே இருந்துரும். களத்துக்குப் பக்கத்துல ரூமு சும்மாதான் கிடக்கு," என்றாள்.

"எனக்கு அருவியில ஆள் காத்துக்கிட்டிருக்கும்," என்றார் அவர். "நீ பாத்து இரு. மரத்தை விக்காத."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு மரத்தடியிலிருந்து ஜாதிக்காய் ஒன்றை எடுத்து வந்தாள். பழுத்து வெடித்து, உள்ளே பத்திரி சிவப்பாகத் தெரிந்த காய். இரண்டு கையாலும் நீட்டினாள். மாடசாமி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேல்சதையை ஒரு கடி கடித்தார். புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்து முகம் கோணிற்று. தூவென்று எல்லைக்கல்லின் மேலேயே துப்பினார்.

"இதுக்கா இந்தப் பாடு?" என்றார்.

அவள் அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அவர் திரும்பி இறங்க ஆரம்பித்தார். நானும் கூடவே இறங்கினேன். வழியெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தார், கஞ்சப்பய, கல்நெஞ்சுக்காரன் என்று. ஓடைத் திருப்பத்தில் நின்று கையை விரித்தார். கடித்த சதையைப் பிய்த்து எறிந்தார். கொட்டையை மட்டும் தண்ணீரில் அலசி, வேட்டியில் துடைத்து, மடியில் முடிந்துகொண்டார்.